கவினும் அந்தச் சாக்லேட்டும்

அன்புள்ள மாலதி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடு.

கவின் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக் கூட்டத்தில் யாரோ மார்ஷ்மெல்லோ சோதனை பற்றிப் பேசினார் (மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாய் ஒன்றைக் குழந்தை முன் வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவோம் என்று சொல்லிப் பார்ப்பது), நீ வீட்டில் சாக்லேட்டை வைத்துப் பார்த்தாய், அவன் காத்திருக்காமல் தின்றுவிட்டான், இப்போது உனக்குக் கவலை. தயவுசெய்து கவலைப்படாதே.

உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நர்சரி பள்ளியில் இதைத் தொடங்கியபோது, எந்தக் குழந்தை பின்னாளில் முன்னேறும் என்று தேடவில்லை. எப்படி இருந்தால் குழந்தையால் காத்திருக்க முடிகிறது என்றுதான் பார்த்தார். தின்பண்டத்தைச் சிலருக்குக் கண்முன் வைத்தார், சிலருக்கு மறைத்தார். மறைத்தபோது அதிக நேரம் பொறுத்தார்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்திருப்பதால், காரணம் இதுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். பரிசோதனையின் பலமே அதுதான்.

ஊரெல்லாம் பரவியது 1990இல் வந்த கட்டுரை. அதிக நேரம் பொறுத்தவர்கள் வளர்ந்தபின் எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார்களாம். இங்கே யாரும் எதையும் மாற்றிப் பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான். அந்த மதிப்பெண் கணக்கும் நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகளை வைத்துப் போட்டது. 2018இல் டைலர் வாட்ஸ் குழு 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை அலசியது. தாய் பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு பாதிதான் இருந்தது. குடும்பச் சூழல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

எனக்கு மிகவும் பிடித்தது 2013இல் செலஸ்ட் கிட் குழு செய்தது. மொத்தம் 28 குழந்தைகள். படம் வரைய நல்ல பொருள் கொண்டுவருகிறோம் என்று சொல்லி, பாதிப் பேருக்குத் தந்தார்கள், மீதிப் பேருக்கு வெறுங்கையோடு வந்தார்கள். அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ. சொன்னது கிடைத்த குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஆட்கள் குறைவுதான், ஆனால் வித்தியாசத்தைப் பார்! பெரியவர் சொல்லை நம்ப முடியாதபோது கையில் இருப்பதைத் தின்பதுதானே புத்திசாலித்தனம்? அந்தச் சோதனை அளப்பது பொறுமையை மட்டுமல்ல.

ஒரே ஆளை வைத்துப் பார்ப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. 1953இல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது நினைவுகள் தங்காமல் போன ஹென்றி மொலைசன் என்ற ஒருவரால் நினைவாற்றல் பற்றிய புரிதலே மாறியது. ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லவில்லை, வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். நீ பார்த்தது ஒரே ஒரு சாயங்காலம், அதுவும் பசியோடு பள்ளிவிட்டு வந்தவனை. தங்கைக்கென்று மாம்பழத் துண்டு எடுத்து வைப்பான் என்று போன கடிதத்தில் நீதான் எழுதியிருந்தாய். நான் அதைத்தான் நம்புவேன்.

அந்தப் பேச்சாளர் மறுபடி வந்தால், எத்தனை குழந்தைகள், எந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சுபா