ஆயா நினைவாக ஒரு கேரம் ரூம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள தெருவாசிகளுக்கும், கல்யாணமாகியும் வேலை கிடைத்தும் வெளியே போய்விட்ட நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன ஆடி மாதம் நம்மை விட்டுப் போன ஆயாவின் நினைவாக, காசிமேட்டில் அவர் வாழ்ந்த வீட்டின் முன் அறையைப் பெண் பிள்ளைகள் கேரம் ஆடும் இடமாக மாற்றப்போகிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

ஆயாவோடு அதிகம் பழகாத புது மருமகள்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டை தெருக்களில் விற்றே நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். ஆனால் நமக்கெல்லாம் ஞாபகம் இருப்பது சாயங்கால ஆயாதான். நாலு மணிக்குக் குளித்து, பூ வைத்து, தண்ணி டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் போர்டைப் போடச் சொல்வார். ஆட்டத்தில் தோற்றவர் எல்லோருக்கும் பர்மா நூடுல்ஸான அத்தோ வாங்கித் தர வேண்டும். ஆயா தோற்றாலும் அதே சட்டம். தோற்கும்போதுதான் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்.

அவர் ஆடுவதைப் பார்க்கவே கூட்டம் சேரும். பவுடரை உள்ளங்கையால் ஒரு சுற்று தேய்ப்பார். மீன் நறுக்கித் தழும்பேறிய விரல் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் வந்து நிற்கும். கண் ஒரு பாக்கெட்டைப் பார்க்கும், காயின் வேறு பாக்கெட்டில் போய் விழும். யாராவது சிவப்புக் காயினான ரெட்டைப் போட்டுவிட்டு, அதை உறுதி செய்ய அடுத்த காயினைப் போடும் முன்பே துள்ளினால், “இன்னாடா குதிக்கிற, ஃபாலோ எங்க?” என்பார். பேரன் என்றும் பார்க்க மாட்டார், பக்கத்து வீட்டுப் பையன் என்றும் பார்க்க மாட்டார்.

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் தெருவுக்கே திருவிழாதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், கையில் காசும் இருக்காது. வீட்டில் சண்டை வரும் காலம் அது. அப்போதுதான் ஆயா போட்டி வைப்பார். முதல் பரிசு ஒரு எவர்சில்வர் குடம். அந்தக் குடத்துக்காக மாமனாரும் மருமகனும் மோதிக்கொண்டதை இன்றைக்கும் பேசிச் சிரிக்கிறோம்.

தன் சாவுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது, கானா பாட்டு வைத்து ஆடித்தான் அனுப்ப வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்படியே அனுப்பினோம். அழாமல் இருக்க மட்டும் எங்களால் முடியவில்லை.

சரி, கேரம் ரூம் ஏன் பெண் பிள்ளைகளுக்கு? நம் பகுதியில் தெரு முனைக்குத் தெரு முனை போர்டு இருக்கிறது. ஆனால் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும், பையன்கள் நிற்கிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஆயா இருந்தவரை அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஏழு மணிக்கு ஒரு அம்மா மகளைக் கூப்பிட வந்தால், “பாதி ஆட்டத்துல எழுப்பாதம்மா, அவ என் பார்ட்னர்” என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். ஆயா உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த இடம் பிள்ளைகளுக்குப் பத்திரம் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். இப்போது அவர் இல்லை. பையன்கள் வழக்கம்போல ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

படத்திறப்பும் அன்னதானமும் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் ஆயாவுக்குப் பிடித்தது இதுவாகத்தான் இருக்கும் என்று குழுவில் எல்லோருக்கும் பட்டது. 2024 நவம்பரில் வட சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற செய்தி வந்தபோது, ஆயா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “பாத்தியா? உன் பொண்ணை அனுப்பு” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அறையை ஆயாவின் கடைசி மகன் வாடகை இல்லாமல் தருகிறார், எழுதியும் கொடுத்துவிட்டார். பெரிய செலவு தரையை ஒரு அடி உயர்த்துவதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் இந்த அறைக்குள் புகுந்து ஆயாவின் பழைய போர்டு ஊறி உப்பிவிட்டது. புது போர்டுக்கும் அந்தக் கதி வரக் கூடாது. தரைக்கும் டைல்ஸுக்கும் 70,000 ரூபாய். வயரிங், ஃபேன், போர்டுக்கு மேல் தொங்கும் விளக்குகள் 25,000. போட்டியில் வைக்கும் முழு அளவு போர்டு இரண்டும் ஸ்டாண்டு, ஸ்டூல்களும் சேர்த்து 45,000. காயின், ஸ்ட்ரைக்கர், பவுடர் ஒரு வருஷத்துக்கு 10,000. பிள்ளைகள் மாவட்டப் போட்டிகளுக்குப் போய்வர 30,000. ஆக மொத்தம் 1,80,000. தெருவிலும் குடும்பத்திலுமாக 64,000 சேர்ந்துவிட்டது. இன்னும் 1,16,000 ரூபாய் வேண்டும்.

பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வரவு செலவை ஆயா வீட்டு வாசலில் ஒட்டுவோம். பெயர் பொறித்த கல்வெட்டு யாருக்கும் கிடையாது, அதில் குழு உறுதியாக இருக்கிறது. பணமாகத் தர முடியாதவர்கள் வேலையாகத் தரலாம். கொத்தனார், எலக்ட்ரீஷியன், பெயின்டர் எல்லோரும் நம் தெருவிலேயே இருக்கிறீர்கள். அப்புறம், தினமும் மாலை நாலு முதல் எட்டு வரை அறையில் உட்கார, முறை வைத்து அம்மாக்கள் வேண்டும். ஆயாவின் இரண்டு மகள்களும் செவ்வாய், வெள்ளி ஏற்றுக்கொண்டார்கள். மற்ற நாட்களுக்குப் பெயர் கொடுங்கள். பணத்தை விட இது முக்கியம்.

பங்குனி முடிவதற்குள் பணத்தைக் குழுவில் யாரிடமாவது நேரில் சேர்த்துவிடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தை இங்கே இருக்கும் உங்கள் வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தடைக்காலம் தொடங்கியதும் இந்த வருஷப் போட்டி புது அறையில் நடக்கும், பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. முதல் பரிசுக் குடத்தை ஆயாவின் மூத்த மகள் வாங்கித் தருகிறார், அதற்கு வசூல் இல்லை.

இப்படிக்கு,
ஆயா நினைவு கேரம் ரூம் குழுவினர்,
காசிமேடு