ஆட்ஸ் போட்டீங்க சரி, டீம் பேரு எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பத்தி தமிழ் பேப்பர்ல அரைப் பக்கம் வர்றதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அந்த அரைப் பக்கத்துல பாதிய ஒரு ஆட்ஸ் டேபிளே (பந்தயம் கட்டுனவன் ஜெயிச்சா ஒரு ரூபாய்க்கு எவ்வளவு கிடைக்கும்னு சொல்ற நம்பர்) அடைச்சுக்கிச்சு. பத்து பேரு, ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல ஒரு நம்பர், அதுக்கும் பக்கத்துல "ஜெயிக்க வாய்ப்பு"ன்னு ஒரு சதவீதம். அதப் பத்திதான் இந்த லெட்டர்.

சதவீதத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். ஆட்ஸ வச்சு ஒன்ன வகுத்து நூறால பெருக்கியிருக்கீங்க, கணக்கு கரெக்ட்தான், ஆனா அதுக்கு வாய்ப்புன்னு பேரு வச்சதுதான் தப்பு. உதாரணத்துக்கு முதல் ஆளுக்கு 1.40, ரெண்டாவது ஆளுக்கு 3.50, மூணாவது ஆளுக்கு 13ன்னு வைங்க. 71, 29, 8ன்னு மூணு பேருக்கே நூறத் தாண்டிருச்சு. 2025 டூர்ல ஸ்டார்ட் பண்ணது 23 டீம், 184 பேரு. மிச்சம் 181 பேருக்கு வாய்ப்பு எங்க இருந்து வரும்? நூறுக்கு மேல வழியிற பங்குதான் புக்கியோட, அதாவது பந்தயப் பணம் வாங்குறவனோட லாபம், அவன் கடை நடத்துறதே அதுலதான். இதுல 501, 1001ன்னு ஆட்ஸ் போட்டிருக்கானே அந்தக் கடைசி ஆளுங்க, அவங்கள்ல முக்காவாசி பேரு ஜெயிக்கவே வரல, ஸ்பிரிண்ட்டுக்கு (கடைசி நேர வேகப் பாய்ச்சலுக்கு) வந்தவன் இருக்கான், தண்ணி பாட்டில் தூக்க வந்தவன் இருக்கான். அவங்களுக்கு பத்தாயிரம் போட்டாலும் தகும், ஆனா போட மாட்டான்.

இன்னொன்னு, நம்ம ஊர்ல ஆன்லைன்ல பணம் கட்டி ஆடுறதயே 2025 ஆகஸ்ட்ல சட்டம் போட்டு நிறுத்தியாச்சு, விளம்பரமும் கூடாதுன்னாச்சு. அதனால உங்க வாசகர் யாரும் அந்த டேபிளப் பாத்து பெட் கட்டப் போறதில்ல, அது ஏதோ எக்ஸ்பர்ட் கணிப்புன்னு நினைச்சுத்தான் படிப்பாங்க. அப்ப அது என்னன்னு சொல்ல வேண்டிய பொறுப்பு இன்னும் ஜாஸ்தி இல்லையா?

சரி, சதவீதம் சின்ன விஷயம். எனக்கு நிஜமாவே கடுப்பானது வேற. அந்த டேபிள்ல பேரு இருக்கு, நாடு இருக்கு, டீம் இல்ல. குதிரை ரேஸ்ல குதிரைங்களுக்குப் போடுற மாதிரி பத்து பேரையும் தனித்தனியா நிறுத்தி வச்சிருக்கீங்க. ரேஸ் ரோட்டுல அப்படியா நடக்குது? டேபிள்ல நாலாவது அஞ்சாவதா இருக்கிற ஆளு முதல் ஆளுக்கு சம்பளத்துக்கு வேலை செய்றவனா இருப்பான்!

2025லயே பாருங்க, போர்ச்சுகல் ஆளு ஜோவாவ் அல்மெய்டா, அந்த வருஷம் பாஸ்க் கன்ட்ரி, ரொமாண்டி, டூர் டி ஸ்விஸ்னு மூணு ரேஸ் வரிசையா அடிச்சிட்டு வந்தான், பேப்பர்ல பாத்தா பயங்கர ஃபார்ம். ஆனா டூருக்கு அவன் வந்தது டீம் கேப்டன் பொகாச்சாருக்கு மலையில முன்னாடி ஓட்டி இழுத்துக் கொடுக்க. பொகாச்சார் நல்லா இருக்கிற வரைக்கும் அல்மெய்டா ஜெயிக்கிறதுக்கு வழியே இல்ல, கால்ல தெம்பு இல்லாம இல்ல, ஆர்டர் கிடையாது. கடைசில அவன் ஏழாவது ஸ்டேஜ்ல (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) விழுந்து விலா எலும்பு உடைஞ்சு ஒன்பதாவது ஸ்டேஜ்ல வீட்டுக்குப் போனது தனி சோகம்.

2012 டூர் இன்னும் நல்ல உதாரணம். லா துசுயிர் ஏத்தத்துல க்ரிஸ் ஃப்ரூம் ஒரு அட்டாக் போடுறான், மொத்த டைம்ல முதல் ஆளு போடுற மஞ்சள் ஜெர்சி போட்ட விக்கின்ஸ் அவனோட சொந்த டீம் கேப்டன், அவரே பின்தங்கிப் போறாரு, உடனே காதுல இருக்கிற ரேடியோல பேச்சு வருது, ஃப்ரூம் ஸ்பீடக் குறைச்சு கேப்டன் வர்ற வரைக்கும் வெயிட் பண்றான். அந்த டூர் விக்கின்ஸுக்கு, ஃப்ரூம் ரெண்டாவது. அடுத்த வருஷம் ஃப்ரூம் கேப்டனா வந்து ஜெயிச்சான். 2012 ஆட்ஸ் டேபிள எத்தனை தடவ உத்துப் பாத்தாலும் அந்த ரேடியோ உங்களுக்குக் கேக்காது.

எதிர்ப்பக்கமும் நடக்கும், அதுதான் இந்த ஸ்போர்ட்டோட அழகு. 2018ல ஸ்கை டீம்ல ஃப்ரூம்தான் ஃபேவரிட், நாலு டூர் ஜெயிச்சவன், அதே வருஷம் இத்தாலியோட பெரிய ரேஸ் ஜீரோ டி இத்தாலியாவையும் ஜெயிச்சிட்டு வந்தவன். ஜெயிச்சது யாரு? பல வருஷமா அவனுக்கு வேலை செஞ்ச கெரண்ட் தாமஸ்.

2023 வுவெல்டா, அதாவது ஸ்பெயினோட பெரிய ரேஸ், இன்னும் ஒரு படி மேல. ரெம்கோ, விங்கெகார்ட், ரோக்லிச் இவங்களச் சுத்தித்தான் பேச்சே. விங்கெகார்ட், ரோக்லிச் டீம்லயே இருந்த செப் குஸ்ங்கிற அமெரிக்கப் பையன் அந்த வருஷம் ஜீரோல ரோக்லிச்சுக்கும் டூர்ல விங்கெகார்டுக்கும் வேலை செஞ்சு முடிச்சிட்டு மூணாவது வேலைக்கு வந்தவன். ஆறாவது ஸ்டேஜ்ல பிரேக்அவேல (கூட்டத்த விட்டு முன்னாடி போற குரூப்ல) போறான், பெரிய ஆளுங்க யாரும் கண்டுக்கல, ஸ்டேஜயும் அடிச்சு டைமும் எடுத்துட்டான். ரெம்கோ டூர்மலே ஸ்டேஜ்ல அரை மணி நேரத்துக்கு கிட்ட விட்டுட்டு ஜெயிக்கிற போட்டியில இருந்து அவுட். அப்புறம் ஆங்லிரு ஏத்தத்துல சொந்த டீம்காரங்க ரெண்டு பேருமே குஸ்ஸ விட்டுட்டு முன்னாடி போயிட்டாங்க, லீட் வெறும் 8 செகண்டுக்கு வந்துருச்சு, உலகம் பூரா ரசிகருங்க திட்டித் தீத்துட்டாங்க, அடுத்த நாள்ல இருந்து டீம் அவன் பக்கம் நின்னுச்சு. கடைசில குஸ் ஒன்னு, விங்கெகார்ட் ரெண்டு, ரோக்லிச் மூணு, மூணும் ஒரே டீம். அந்த ரேஸ் ஒரு பஸ்ஸுக்குள்ளயும் ஹோட்டல் டின்னர் டேபிள்லயும் முடிவானது, இத எந்த புக்கி முன்கூட்டியே விலை போடுவான் சொல்லுங்க.

நீங்க கேக்கலாம், அப்ப ஃபேவரிட் ஜெயிக்கிறதே இல்லையான்னு. தாராளமா ஜெயிக்கிறாங்க. 2024, 2025 ரெண்டும் பொகாச்சார்தான்னு சின்னப் புள்ள கூட சொல்லியிருக்கும். ஆனா 2025லயும் துலூஸ் ஸ்டேஜ் ஞாபகம் இருக்கா, ஃபினிஷுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது இன்னொருத்தன் சக்கரம் உரசி பொகாச்சார் ரோட்டுல சரிஞ்சு கர்ப்ஸ்டோன்கிட்ட போய் நின்னான். தோள்பட்டை இன்னும் கொஞ்சம் மோசமா அடிபட்டிருந்தா அன்னிக்கே ரேஸ் ஓவர். முன்னாடி இருந்த குரூப் மிதிக்காம அவனுக்காகக் காத்திருந்துச்சு, எழுந்து வந்து சேந்துக்கிட்டான், மறுநாளே ஓட்டகாம் மலையில விங்கெகார்ட ரெண்டு நிமிஷத்துக்கு மேல பின்னாடி தள்ளினான். எல்லா வருஷமும் அந்த அதிர்ஷ்டம் வராது, 2014ல ஃப்ரூம் அஞ்சாவது ஸ்டேஜ்ல விழுந்து வெளிய போனான், கான்டடோர் பத்தாவது ஸ்டேஜ்ல கால் எலும்பு உடைஞ்சு போனான், டூர் நிபாலிக்கு. ஒரு தடவ ஸ்டார்ட் ஆயிட்டா அப்புறம் ஆளு விழுந்தாலும் கட்டுன பணம் பொதுவா திரும்பாது, புக்கிக்கு அதனால நஷ்டமே இல்ல.

என்னோட ஃபேவரிட் 2025 ஜீரோதான், அதச் சொல்லாம முடிக்க மனசு வரல. ரோக்லிச்சும் அயூசோவும்தான் ஃபேவரிட், ரெண்டு பேரும் ரேஸ முடிக்கவே இல்ல. அயூசோ டீம்ல இருந்த 21 வயசு மெக்சிகோ பையன் டெல் டோரோ, ஜீரோல முதல் ஆளு போடுற பிங்க் ஜெர்சிய கடைசிக்கு முந்தின நாள் வரைக்கும் கொண்டு வந்துட்டான். அன்னிக்கு ஃபினெஸ்ட்ரே மலை, மேல எட்டு கிலோமீட்டர் தார் இல்லாத மண் ரோடு. அவனும் ரெண்டாவது இடத்துல இருந்த கரபாஸும் நீ துரத்து நான் துரத்துன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தாங்க, மூணாவது இடத்துல 1 நிமிஷம் 21 செகண்ட் பின்னாடி இருந்த சைமன் யேட்ஸ் போயே போயிட்டான். மலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்குல அவன் டீம்காரன் வான் ஆர்ட், காலையிலயே பிரேக்அவேல அனுப்பி வச்சிருந்தாங்க, ரெடியா இருந்து யேட்ஸக் கூட்டிக்கிட்டு இழுத்தான் பாருங்க, கேப் நிமிஷக் கணக்குல விரிஞ்சிருச்சு. கடைசில 3 நிமிஷம் 56 செகண்ட்ல ஜீரோ யேட்ஸுக்கு. இதே மலையிலதான் 2018ல பிங்க் ஜெர்சியோட இருந்த யேட்ஸ் மொத்தமா உடைஞ்சு 38 நிமிஷம் விட்டான், ஃப்ரூம் 80 கிலோமீட்டர் தனியா போன அதே நாள். வான் ஆர்ட் பேரு அந்த ஜீரோவ ஜெயிக்கிறவங்க லிஸ்ட்ல கிட்டயே வராது, ஆனா அவன் இல்லாம அந்த ரிசல்ட்டே இல்லன்னுதான் நான் சொல்லுவேன்.

அதனால ஆசிரியர் சார், ஆட்ஸ் டேபிள நிறுத்தச் சொல்லல, எனக்கும் படிக்கப் புடிக்கும். அந்த சதவீதக் காலம தூக்கிட்டு அதே இடத்துல டீம் பேரு போடுங்க, அந்த ஆளு கேப்டனா, உதவி ஆளா, ஸ்டேஜ் மட்டும் அடிக்க வந்தவனான்னு ஒரு வார்த்தை போடுங்க. ரெண்டு பேரு ஒரே டீம்னா பக்கத்துல ஒரு ஸ்டார் போட்டாக் கூட போதும். இடம் பத்தலைன்னா பத்தாவது ஆளத் தூக்கிருங்க, யாரும் தேட மாட்டாங்க.

இப்படிக்கு,
ஸ்போர்ட்ஸ் பக்கத்துல இருந்து பேப்பர் படிக்க ஆரம்பிக்கிற வாசகன்
கோயம்புத்தூர்