கணுவோடு ஒரு துண்டு அனுப்பு

அன்புள்ள சிநேகிதிக்கு,

கோவை திரும்பி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. மகளின் பிரசவத்துக்குப் போனவள் இரண்டரை மாதம் அங்கேயே இருந்துவிட்டேன். பேத்தி படத்தைப் பார்த்திருப்பாய். தாயும் பிள்ளையும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியும் மொட்டை மாடியில் வடாம் போட்டாய் என்று உன் மருமகள் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு வேண்டாமே.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். 2019-ல் நான் உனக்குக் கொடுத்த ஹோயா என்ற பூங்கொடியிலிருந்து எனக்கு ஒரு துண்டு வேண்டும். என் கொடி போய்விட்டது.

நான் இல்லாத நாட்களில் மற்ற தொட்டிகளுக்கு ஊற்றியதுபோல இதற்கும் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்குத் தெரியாது. நான்தான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். காட்டில் மரத்தின் மேல் தொற்றி வளர்கிற கொடி இது. வேருக்குக் காற்று வேண்டும். தண்ணீரை அந்தத் தடித்த இலையே சேர்த்து வைத்துக்கொள்ளும். வந்து பார்த்தபோது இலையெல்லாம் சுருங்கிக் கிடந்தது. முதலில் தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைத்தேன். தொட்டியைக் கவிழ்த்தேன். வேர் பழுப்பாகக் குழைந்திருந்தது. விரலால் உருவினால் தோல் கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் நின்றது. பச்சையாக இருந்த இரண்டு நுனியை வெட்டித் தண்ணீரில் வைத்தேன். ஐந்தாம் நாள் அவையும் கறுத்துவிட்டன.

குன்னூரில் வேலை பார்த்தபோது ஒரு டீச்சர் விரல் நீளத் துண்டாகக் கொடுத்த கொடி. அன்று ராத்திரி மனசு கனத்துத்தான் படுத்தேன். அப்புறம் நீ போன வருடம் சாரல் முடிந்ததும் அனுப்பிய படம் ஞாபகம் வந்தது. உன் திண்ணை ஜன்னலில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்ததே! விதையில் முளைத்த செடி என்றால் தாயிலிருந்து மாறிப்போகலாம். துண்டில் வந்தது அப்படி இல்லை. நீ வைத்திருப்பது என் கொடியின் பிள்ளை அல்ல, அதே கொடிதான். அன்று உனக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று எனக்கு வழியே இல்லை.

வெட்டும்போது கணுவைப் பார்த்து வெட்டு. இலை இரண்டு இரண்டாக எதிரெதிரே கிளம்பும் இடம்தான் கணு. வேரும் அங்கேதான் வரும், துளிரும் அங்கேதான் வரும். இளநுனி வேண்டாம், அது வாடிவிடும். இலையே இல்லாமல் சாட்டை மாதிரி நீண்டு போவதும் வேண்டாம். அதைக் காய்ந்தது என்று நறுக்கியும் விடாதே, பின்னால் அதில்தான் இலை வரும். கொஞ்சம் முற்றின பச்சைத் தண்டாக, இரண்டு மூன்று ஜோடி இலையோடு, கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு வெட்டு. பால் வடியும். எருக்கும் இதுவும் ஒரே குடும்பம். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ கோப்போமே, நடுவில் கிரீடம் மாதிரி நிற்குமே, அதே அமைப்பை இந்தச் சின்னப் பூவிலும் பார்க்கலாம். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதே. வெட்டிய முனை நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் காயட்டும்.

தனி இலையாக மட்டும் அனுப்பிவிடாதே. மூன்று வருடத்துக்கு முன் இதய வடிவ ஹோயா இலை ஒன்றைச் சின்னத் தொட்டியில் நட்டு விற்றார்கள் என்று ஆசையாக வாங்கி வந்தேன். வேர் இருக்கிறது, இலையும் பளபளவென்று இருக்கிறது. ஆனால் கணு இல்லாததால் இன்றைக்கும் அது ஒற்றை இலைதான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பூ உதிர்ந்த பிறகு ஒரு குட்டிக் காம்பு மொட்டையாக நிற்கும் இல்லையா, அதை வெட்டாதே. அடுத்த தடவை பூப்பது அதே காம்பில்தான். ஆரம்பத்தில் சுத்தம் செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன். அடுத்த வருடம் ஒரு கொத்துகூட வரவில்லை. ஆகவே எனக்கு வெட்டும் துண்டு அந்தக் காம்பு இல்லாத கொடியிலிருந்தே இருக்கட்டும்.

இங்கே வந்ததும் கண்ணாடி டம்ளரில் ஒரு கணு மட்டும் மூழ்கும்படி வைப்பேன். நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் மூன்று நான்கு வாரத்தில் வெள்ளை வெள்ளையாக வேர் வரும். வேர் ஒரு அங்குலம் ஆனதும், தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் கலந்து சின்னத் தொட்டியில் வைப்பேன். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம். ஆகட்டும். பேத்தி ஓடியாடும் வயதில் அந்த வாசனையைக் காட்டுவேன். உனக்குத் தெரியுமா, ஹோயா என்பது ஒரு தோட்டக்காரரின் பெயர். லண்டன் பக்கத்தில் சயன் மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தாமஸ் ஹோய் என்பவரின் பெயரை 1810-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் இந்தக் கொடிக்கு வைத்தார். பிரபுவின் தோட்டம்தான், ஆனால் பெயர் வேலை செய்தவருக்குப் போயிருக்கிறது. அதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

முனையில் ஈரப் பஞ்சைச் சுற்றி, அதன் மேல் மட்டும் பிளாஸ்டிக் கவர் கட்டு. இலைப் பக்கத்தை உலர்ந்த செய்தித்தாளில் சுருட்டி அட்டைப்பெட்டியில் வை. முடிந்தால் இரண்டு துண்டாக அனுப்பு. வெட்ட மனசு வரவில்லை என்றால் கொடியிலேயே ஒரு கணுவை ஈர நாரில் பதியன் போட்டு, வேர் வந்த பிறகு அனுப்பு, காத்திருக்கிறேன். வெள்ளி, சனியில் கொரியரில் போடாதே, ஞாயிறு முழுக்க உள்ளேயே புழுங்கிவிடும். திங்கள்கிழமை காலையில் போடு. ஜன்னல் கொக்கியைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் சிநேகிதி