கருவியல் பாடத்தில் பாக்டீரியாவுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதுவதை வகுப்பில் நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த முறை பாடத்தைத் திருத்தும்போது ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொல்லிக் கேட்கிறேன். விலங்குகளின் வளர்ச்சியைச் சொல்லும் பாடத்துக்குள் பாக்டீரியாவைக் கொண்டுவாருங்கள்.

இப்போது நாங்கள் நடத்தும் விதம் உங்களுக்குத் தெரியும். நோய்ப் பாடம் முழுக்க பாக்டீரியாதான். தயிரிலும் அவரை வேர்முடிச்சிலும் கொஞ்சம் தலைகாட்டும். கருவியலுக்கு வந்தால் ஆளையே காணோம். கருமுட்டை பிளக்கிறது, மூன்று படலங்கள் உண்டாகின்றன, அவற்றிலிருந்து உறுப்புகள் வருகின்றன; எல்லாமே முட்டைக்குள் இருக்கும் மரபணுக்களின் வேலை என்று முடித்துவிடுகிறோம். பெரும்பகுதி சரிதான். ஆனால் வெளியிலிருந்து ஒரு பாக்டீரியா வந்து சேர்ந்தால்தான் சில விலங்குகளில் உறுப்பு முழுமை அடைகிறது.

ஹவாய்த் தீவுகளின் ஆழமில்லாக் கடலில் யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ் என்றொரு சின்னக் கணவாய் இருக்கிறது. பகலில் மணலுக்குள் புதைந்துகொள்ளும், இரவில் வேட்டைக்குக் கிளம்பும். நிலவொளியில் தன் நிழல் கீழே தெரிந்துவிடாதபடி வயிற்றுப்பக்கம் விளக்கு ஏற்றிக்கொள்ளும். விளக்கு எரிவது விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியாவால். காலராக் கிருமிக்கு இது தூரத்துச் சொந்தம். முட்டையிலிருந்து வரும் குஞ்சிடம் இந்த பாக்டீரியா இருக்காது. கடல்நீரில் மிதக்கும் எண்ணற்ற நுண்ணுயிர்களிலிருந்து இதை மட்டும் பிடித்தாக வேண்டும். அதற்காகவே ஒளியுறுப்பின் இருபுறமும் குற்றிழைகள் (செல்களின் மேல் அசையும் நுண்ணிய மயிர்கள்) நிறைந்த கை போன்ற நீட்சிகள் உண்டு. அவை நீரைச் சுழற்றி, கோழையில் பாக்டீரியாவைச் சிக்கவைத்து, துளைகளின் வழியே உள்ளே போகவிடுகின்றன.

அடுத்து நடப்பதுதான் கருவியலுக்கு உரிய விஷயம். பாக்டீரியா உள்ளே குடியேறியதும் அந்த நீட்சிகளின் செல்கள் தாமாகவே மடியத் தொடங்குகின்றன. நான்கைந்து நாளில் அவை சுருங்கி மறைந்துவிடும். விப்ரியோ இல்லாத நீரில் வளர்த்த குஞ்சுக்கோ நீட்சிகள் அப்படியே நிற்கும். மார்கரெட் மெக்ஃபால்-இங்காய், எட்வர்டு ரூபி என்ற இரு உயிரியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் உறவு இது. செல்களுக்கு அந்தச் செய்தி எப்படிப் போகிறது என்பதை அவர்கள் குழு 2004-இல் வெளியிட்டது. பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து உதிரும் ஒரு சிறு துண்டு, வெளிச்சவ்வின் கொழுப்புச் சர்க்கரையோடு சேர்ந்து, வேலையை நடத்துகிறது. அந்தத் துண்டு மருத்துவர்களுக்குப் பழைய ஆள்தான். கக்குவான் இருமலில் குழந்தையின் மூச்சுக்குழாய்க் குற்றிழைச் செல்களை அழிப்பதும் அதே மூலக்கூறு. அங்கே அதற்கு நச்சு என்று பெயர். இங்கே உறுப்பைச் செதுக்குகிற உளி. இந்த ஒரு தகவலைச் சொன்னால் போதும், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ஹவாய் தூரம் என்றால், நம் வீட்டு அரிசிப் பானைக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. அரிசி வண்டின் உடலுக்குள் சோடாலிஸ் வகை பாக்டீரியா வாழ்கிறது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த இளம் வண்டு தன் ஓட்டைக் கெட்டியாக்கிக் கருக்கவைக்க டைரோசின் என்ற அமினோ அமிலம் நிறையத் தேவை. தானியத்தில் அது போதாது. பாக்டீரியா தயாரித்துக் கொடுக்கிறது. ஓடு இறுகி முடிந்ததும் வண்டு என்ன செய்கிறது தெரியுமா? குடலில் இருக்கும் பாக்டீரியாவை அவை குடியிருக்கும் செல்களோடு சேர்த்து அழித்துவிடுகிறது. அடுத்த தலைமுறைக்காக சினைப்பையில் இருப்பவை மட்டும் தப்பும். இணைவாழ்வு என்றால் ஏதோ நட்பு, பாசம் என்று எழுதிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கும் தெரியட்டும்.

யானைக்கால் புழுவைப் பற்றி ஏற்கெனவே எழுதுகிறீர்கள். அந்தப் புழுவின் கரு வளர்வதற்கும் அதனுள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வேண்டும். நோயாளிக்கு டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சில வாரம் கொடுத்தால் பாக்டீரியா சாகும், பெண் புழுவின் இனப்பெருக்கம் நின்றுபோகும். இதற்கு இரண்டு வரி போதும்.

முதுகெலும்பிகளுக்கு வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஓரிகான் பல்கலைக்கழகத்தில் கேரன் கில்லெமின் குழு 2016-இல் காட்டியது இது: கிருமியே இல்லாமல் வளர்த்த வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் கணையத்தில், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் வழக்கம்போலப் பெருகுவதில்லை, குடல் பாக்டீரியா சுரக்கும் ஒரு புரதத்தைக் கொடுத்தால் பெருகுகின்றன. கிருமியற்ற எலிகளில் சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் விரலிகளின் இரத்த நுண்குழாய் வலை சரியாகப் படர்வதில்லை என்று 2002-இலேயே ஜெஃப்ரி கார்டன் குழு சொன்னது. இவற்றை எழுதுங்கள். ஆனால் எலியில் கண்டதை மனிதக் குழந்தையின் மேல் ஏற்றி, “ஆகவே இந்த பானத்தைக் குடியுங்கள்” என்கிற விளம்பரக்காரர்களுக்கு வழிவிடாமல் எழுதுங்கள்.

இன்னொன்று. இதையெல்லாம் “உங்களுக்குத் தெரியுமா?” பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். பெட்டியில் இருப்பதைத் தேர்வுக்கு வராது என்று பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆசிரியர்களும்தான். கருப்படலங்கள் பற்றிய பகுதிக்கு அடுத்ததாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கணவாய்க் குஞ்சின் ஒளியுறுப்பு முதல் நாளும் ஐந்தாம் நாளும் எப்படி இருக்கும் என்று இரண்டு படங்கள், அவற்றின் கீழே வண்டு. செய்முறைக்கும் இடம் உண்டு: புதிதாக வெளிவந்த வண்டு வெளிர்பழுப்பாக இருந்து நாளுக்கு நாள் கருப்பதை ஒரு கைலென்ஸ் இருந்தால் பார்த்துவிடலாம். அரிசிக்குப் பள்ளி நிதியிலிருந்து பணம் கேட்க மாட்டோம்.

அன்புடன்,
மேல்நிலை வகுப்பு விலங்கியல் ஆசிரியை ஒருவர்