குரூப்பை நம்பி வெட்டாதே

எல்லிஸ் நகர், மதுரை

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்தது. ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து ஸ்டுடியோக்களில் ஹார்டு டிஸ்க் குவிந்து கிடக்கும் நேரம். உசிலம்பட்டியிலும் அப்படித்தான் போல. கல்யாண வீடியோவில் மூன்று கேமராவையும் மிக்சர் ஆடியோவையும் சிங்க் பண்ணி, அதாவது படமும் ஒலியும் ஒரே நேரத்தில் வரும்படி பொருத்தி, குரூப் போட்டாய், வெட்டத் தொடங்கியதும் எல்லாம் கலைந்துவிட்டது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

குரூப்புக்கு சிங்க் என்றால் என்னவென்றே தெரியாது, மாப்ள. சேர்ந்து நகர வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். ஒரே கிளிப்பின் படமும் ஒலியும் விலகினால் பிரீமியர் எடிட்டிங் மென்பொருள் சிவப்பு எண்ணில் காட்டிவிடும். இரண்டாம் கேமரா மூன்று ஃப்ரேம் தள்ளிப் போனால் எந்த எச்சரிக்கையும் வராது. வெட்டியபின் குரூப் என்ன ஆகும் என்பதும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். இரண்டு பக்கத் துண்டும் பழைய குரூப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், ஒன்றை அழிக்கும்போது மற்றதும் போய்விடும். வலப்பக்கம் மட்டும் கழன்றிருந்தால், அடுத்த இழுப்பில் ஒரு டிராக் (ஒரு கேமராவோ ஆடியோவோ கிடக்கும் வரிசை) தனியாக வரும். அதனால் வேலை தொடங்குமுன் ஒரே ஒரு வெட்டுப் போட்டு, வலத் துண்டைக் கிளிக் பண்ணிப் பார். எத்தனை டிராக் ஒளிர்கிறதோ அவ்வளவுதான் உன் குரூப்.

முழு நீளத்துக்கும் குரூப் போடவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. முதலில் சிங்க். டிராக்குகளை அடுக்கிய அந்த டைம்லைனுக்கு ஒரு நகல் எடு. மூலத்தைத் தொடாதே, எது நழுவினாலும் ஒப்பிட அது வேண்டும். நகலில் எல்லா டிராக்கையும் ஒரே இடத்தில் வெட்டு. பிரீமியரில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரேசர் என்ற வெட்டும் கருவியை வைத்தால் போதும். வேண்டாததை ரிப்பிள் டெலிட் பண்ணி (அழித்த இடைவெளியும் மூடிக்கொள்ளும்), மாலை மாற்றல், தாலி கட்டு என்று சடங்கு வாரியாகத் துண்டுகள் நின்ற பிறகு, ஒவ்வொன்றையும் தனிக் குரூப்பாக்கு. கோணம் மாற்றி மாற்றிக் காட்டவேண்டிய இடத்துக்கு எல்லாக் கேமராவையும் ஒரே கிளிப்பாகக் காட்டும் மல்டிகேம்தான் சரி. அங்கே வெட்டினால் கோணம் மட்டும் மாறும், கிளிப் நகராது.

மிக்சர் ஆடியோ அசையக்கூடாதென்று அந்த டிராக்கைப் பூட்டியிருந்தாயா? பூட்டிய டிராக் ரிப்பிள் டெலிட்டில் நகராது, மற்றதெல்லாம் இடப்பக்கம் போய்விடும். 12 நொடி அழித்தால் மந்திரம் 12 நொடி பின்தங்கும்.

சிங்க்குக்குக் கெட்டிமேளத்தின் முதல் அடியைப் பிடி. தவில்காரர் குச்சி தோலில் படும் ஃப்ரேமும், ஒலியின் அலைவடிவம் சட்டென்று எழும் இடமும் ஒன்றாக வேண்டும். அலைவடிவத்தை மட்டும் நம்பாதே. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லிநொடி. அதற்குள் ஒலி 14 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 28 மீட்டர் தள்ளி வாசலில் நிற்கும் கேமராவுக்குத் தவில் இரண்டு ஃப்ரேம் தாமதமாகக் கேட்கும். ஒலியை வைத்துச் சேர்த்தால் படம் முந்திவிடும், குச்சி முதலில் படும், சத்தம் பின்னால் வரும். அந்தக் கிளிப்பை இரண்டு ஃப்ரேம் வலப்பக்கம் தள்ளு. கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

செல்போனில் எடுத்தது நடுவில் போகப்போக விலகினால் வெட்டைக் குறை சொல்லாதே. அதன் ஃப்ரேம்ரேட் நிலையாக இருக்காது. வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃப்ரேம்ரேட் கொடுத்து மாற்றிய பிறகே டைம்லைனில் போடு.

வாசல் கேமராவிலிருந்து மேடை எத்தனை அடி, ஸ்பீக்கர் எங்கே இருந்தது என்று எழுது. எத்தனை ஃப்ரேம் தள்ளவேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள