குண்டூசிக்கு, ஊசி போட்டுக்கொண்டே

அன்புள்ள குண்டூசி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டிக்கொள். மூன்றாவது கர்ப்பமும் தங்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை. உன் அக்கா சொல்லியிருப்பாள். தெரிந்தும் எதுவும் கேட்காமல் இருந்தாயே, அதற்கு நன்றி.

முதலில் பார்த்த டாக்டர், என் உடம்பே கருவை அந்நியம் என்று நினைத்து விரட்டுகிறது என்றார். கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து எனக்கு ஊசியாகப் போட்டால் பழகிவிடுமாம். இவர் உடனே சட்டைக் கையை மடித்துவிட்டார்! எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, தேடிப் படித்தேன். 1999-லேயே சோதித்திருக்கிறார்கள். அந்த ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்குத்தான் கர்ப்பம் நிலைத்தது. வெறும் உப்புநீர் போட்டவர்களில் 48. ஆய்வுக்கு வெளியே இதைப் போடக் கூடாது என்று 2002-ல் அமெரிக்காவில் சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்கு வந்த கோபம்! ஆசையோடு போய் நிற்பவர்களிடம் இதை எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது?

இரண்டாவது டாக்டர் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி பரிசோதனை எழுதினார். உடம்பே தவறுதலாக உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளாம் அது, ரத்தத்தை எளிதில் உறையவைக்குமாம், கருவையும் கலைத்துவிடுமாம். எனக்கு இருந்தது. ஆனால் ஒரு தடவை பார்த்தது போதாதாம். ஏதாவது காய்ச்சல் வந்தாலும் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுப் போகுமாம். 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள், அப்போதும் இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, நம்புவாயா? மூன்று பேரும் ஏன் போனார்கள் என்பதற்கு ஒரு பெயராவது கிடைத்ததே.

மறுபடி உண்டாகியிருக்கிறேன், இப்போது பதினோராவது வாரம். தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின், ராத்திரி ரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு ஹெப்பாரின் ஊசி. வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து நானே குத்திக்கொள்கிறேன். தொப்புளைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருக்கிறது. பள்ளியில் தடுப்பூசி போட வந்த நாளில் மேஜைக்கடியில் ஒளிந்தவள் நீ, பார்த்தால் மயங்கிவிடுவாய்.

1997-ல் இதே பிரச்சினை இருந்த 90 பெண்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, ஹெப்பாரினும் சேர்த்தவர்களில் 71. அந்த மீதி 29-ஐ நினைக்காமல் ஒரு ராத்திரியும் தூங்கவில்லை.

சரி, முக்கியமான விஷயம். உன் நாத்தனாரிடமும் வெள்ளை அணு ஊசி பற்றிப் பேசியிருக்கிறார்களாமே? எனக்கு எடுத்த ஆன்டிபாடி பரிசோதனையை அவளுக்கும் எடுத்தார்களா, இரண்டாம் முறையும் எடுத்தார்களா என்று கேள். என் மருந்தை அவளுக்குச் சொல்லிவிடாதே. ஆன்டிபாடி இல்லாதவர்களுக்கு ஹெப்பாரினாலும் பலன் இல்லை. அவள் கையெழுத்துப் போடுவதற்குள் கேட்டுவிடு.

வெள்ளிக்கிழமை ஸ்கேன். அன்று ராத்திரியே எழுதுகிறேன், எதுவானாலும்.

உன்,
மேஜைக்கு மேலே நின்றவள்