பாவித்த இயந்திரத்துக்குக் கடன் கொடுக்குமுன் கம்பிரஷன் பாருங்கள்: கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர் அனைவருக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில், படகின் பின்புறத்தில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்திப் பிழைப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பாவித்த இயந்திரம் ஒன்றை வாங்குவதற்கு அங்கத்தவர் ஒருவருக்குச் சங்கம் கடன் கொடுக்குமுன், அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்பிரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமத்தும் அழுத்தம், எவ்வளவு என்று அளந்து, அந்த இலக்கங்களைக் கடன் விண்ணப்பத்தோடு இணைத்து வைக்க வேண்டும். விண்ணப்பக் கோவையில் இப்போது அடையாள அட்டைப் பிரதி இருக்கிறது, பிணையாளிகளின் கையொப்பம் இருக்கிறது, விற்பவரின் கடிதமும் இருக்கிறது. இயந்திரத்துக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று சொல்லும் தாள் மட்டும் இல்லை.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த இயந்திரங்களில் சில இன்றும் என் கொட்டிலுக்கு வருகின்றன. நாலைந்து கை மாறி, மேல்மூடிக்கு இரண்டு தடவை வர்ணம் பூசி, உள்ளே என்ன மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாத நிலையில் அவை வருகின்றன. அவற்றை ஓட்டுவது தவறென்று நான் சொல்லவில்லை. புதியது வாங்க வசதியில்லாதவன் பழையதைத்தான் வாங்குவான். ஆனால் 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியதை நாம் மறந்துவிடவில்லை. தேய்ந்த சிலிண்டரோடு ஓடும் இயந்திரம் எண்ணெயைக் குடித்துப் புகையாகக் கக்குகிறது என்பதும், அந்த நட்டத்தைக் கடன் வாங்கியவன் தவணைப் பணத்தோடு சேர்த்து நாள்தோறும் கட்டுகிறான் என்பதும் கணக்குப் புத்தகத்தில் ஏறாத உண்மைகள்.

சென்ற வாடைக்காற்றுக்குச் சற்று முன்னர் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இளம் தொழிலாளி ஒருவர் சங்கக் கடனில் இரண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் இயந்திரம் ஒன்றை வாங்கினார். விற்றவர் அதைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி, முதல் இழுவையிலேயே இயக்கிக் காட்டியிருக்கிறார். மூன்றாவது கிழமை, வலை இழுப்பதற்காக நிறுத்திய சூடான இயந்திரம் திரும்ப இயங்கவில்லை. பின்னேரம் வரை இயந்திரத்தை இயக்கும் கயிற்றை இழுத்துக் களைத்தவரை வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. மறுநாள் நான் கம்பிரஷன் அளக்கும் கேஜைப் பூட்டியபோது கீழ்ச் சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு 105 றாத்தலில் நின்றது. மேல்ச் சிலிண்டரின் ஊசி 65-க்கு மேல் ஏற மறுத்தது. திறந்து பார்த்தால், மேல் பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் அடைக்கும் இரண்டு ரிங்குகளும் கரிபிடித்துப் பள்ளத்துக்குள்ளேயே இறுகிக் கிடந்தன. சிலிண்டர்ச் சுவரில் நகத்தை வைத்து இழுத்தால் கீறல்கள் தட்டுப்பட்டன. இவை மூன்று கிழமையில் வரக்கூடிய பழுதுகள் அல்ல.

பீப்பாய் ஓட்டம் ஏன் ஏமாற்றுகிறது என்றால், அங்கே இயந்திரம் எந்தச் சுமையையும் தள்ளுவதில்லை. ஒரு சிலிண்டர் பலமாக இருந்தாலே அது உறுமிக் காட்டும். நம் பெரியவர்கள், சிலிண்டருக்குள் பொறி தரும் பிளக்கைக் கழற்றாமலே கயிற்றை மெதுவாக இழுத்து, கைக்கு வரும் இறுக்கத்தைக் கொண்டு மதிப்பிடுவார்கள். பழகிய கைக்கு இரண்டு சிலிண்டரின் இறுக்கமும் தனித்தனியே தெரியும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கையின் தீர்ப்பைத் தாளில் எழுதிக் கோவையில் வைக்க முடியாது.

அளக்கும் முறையில் ஒளிவுமறைவு இல்லை. இயந்திரத்தைத் தண்ணீரில் வைத்து ஐந்து நிமிடமாவது ஓட்டிச் சூடாக்க வேண்டும். பின் நிறுத்தி, பிளக்குகளைச் சுற்றியுள்ள உப்பையும் மண்ணையும் ஊதித் துடைத்துவிட்டு, எல்லாப் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றி வைப்பதோடு, பிளக் வயர்களை இயந்திரத்தின் உடலோடு தொடுத்தும் விட வேண்டும். அந்தரத்தில் தொங்கும் வயரில் பொறி பறந்தால், துவாரத்திலிருந்து வரும் எரிபொருள் ஆவி பற்றக்கூடும், பற்றவைக்கும் மின்பெட்டியும் பழுதாகக்கூடும். அடுத்தது, உள்ளே போகும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திறொட்டில். அது முழுவதும் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டருக்குக் காற்றுப் போதாமல் ஊசி குறைத்துக் காட்டும். நியூட்ரலில் கைப்பிடி முழுவதும் திரும்பாத இயந்திரங்கள் பல உண்டு. கியரில் போட்டால் கயிற்றை இழுக்க விடாத பூட்டும் உண்டு. அப்படியானவற்றில் மேல்மூடியைக் கழற்றி, காபரேட்டரின் தட்டை ஒருவர் விரலால் திறந்து பிடிக்க, மற்றவர் கயிற்றை இழுக்க வேண்டும். ஊசி ஏறுவது நிற்கும்வரை ஐந்தாறு தடவை பலமாக இழுத்து இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதே ஆள் அதே எண்ணிக்கையில் மற்ற சிலிண்டருக்கும் இழுக்க வேண்டும்.

கேஜ் வாங்கும்போது, பிளக் இருந்த இடத்தில் மரையில் திருகிப் பூட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். நாம் பாவிக்கும் இயந்திரங்களில் அநேகமானவற்றுக்கு 14 மில்லிமீற்றர் மரை பொருந்தும். றப்பர் முனையைக் கையால் அமத்திப் பிடிக்கும் வகை, கயிறு இழுக்கும் ஆட்டத்தில் காற்றைக் கசியவிடும். விலை இரண்டொரு நாள் எண்ணெய்ச் செலவுக்குள் அடங்கிவிடும். ஒரு கேஜுக்கும் இன்னொரு கேஜுக்கும் நாலைந்து றாத்தல் வித்தியாசம் வருவது வழமை என்பதால், எப்போதும் சங்கத்தின் ஒரே கேஜால் அளப்பது நல்லது.

இலக்கத்தை வாசிப்பதில்தான் நிதானம் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 100 றாத்தல் என்பது கேஜின் மற்ற அளவுகோலில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 7 கிலோ. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட இயந்திரம் பெற்றோல் இயந்திரத்தைவிடக் குறைந்த அழுத்தத்துக்கே அமைக்கப்பட்டது, ஏனென்றால் அதிக அழுத்தத்தில் மண்ணெண்ணெய் தானாகவே பற்றி, இயந்திரம் தட்டும் சத்தத்தோடு அடிபடும். ஆகவே பக்கத்து வீட்டுப் பெற்றோல் இயந்திரத்தின் இலக்கத்தோடு அதை ஒப்பிட்டுக் குறை சொல்லக் கூடாது. அதன் கைந்நூலில் உள்ள அளவைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, இரண்டு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பத்து வீதத்துக்குள் என்றால் பயமில்லை. பதினைந்து வீதத்தைத் தாண்டினால் சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஊசியும் பொய் சொல்லும். பிஸ்டன் தலையில் தடித்துப்போன கரி, இடத்தைக் குறைத்து இலக்கத்தை ஏற்றிக் காட்டும். வாங்குபவர் வருமுன் பிளக் துவாரத்தால் ஓயில் ஊற்றி வைக்கும் கெட்டிக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தேய்ந்த ரிங்கின் இடைவெளியை ஓயில் அடைத்துக்கொள்வதால் ஊசி உயர்ந்து நிற்கும். ஓட்டிவிட்டு அளக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்த சிலிண்டருக்குள் நாமே ஒரு கரண்டி ஓயில் விட்டு மறுபடி அளந்து, ஏறினால் ரிங், ஏறாவிட்டால் ஹெட் காஸ்கெட் அல்லது ஓட்டை பிஸ்டன் என்று முடிவு செய்யும் வழக்கம் கார்க் கராச்சிலிருந்து வந்தது. வெளியிணைப்பு இயந்திரத்தில் சிலிண்டர் படுத்த நிலையில் இருப்பதால் ஓயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும். அந்தச் சோதனையை அரைவாசிதான் நம்பலாம். கிராங்க் சீல், தண்ணீர்ப் பம்ப், கியர்ப் பெட்டி ஆகியவற்றைப் பற்றிக் கேஜ் எதுவுமே சொல்லாது.

மெக்கானிக்கும் விற்பவரும் கூட்டுச் சேர்ந்தால் என்ன செய்வது என்று ஒரு பொருளாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கயிற்றை இழுப்பதும் இலக்கத்தை எழுதுவதும் வாங்குபவரும் நிர்வாகசபை உறுப்பினர் ஒருவருமாக இருக்கட்டும். மெக்கானிக் பக்கத்தில் நின்றால் போதும். இலக்கம் குறைந்த இயந்திரத்துக்கெல்லாம் கடனை மறுக்கும்படியும் நான் கேட்கவில்லை. கரியில் ஒட்டிய ரிங்கைச் சுத்தம் செய்து மீட்கலாம். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் கூடிய பிஸ்டன் போடலாம். அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேச, வாங்குபவரின் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். என்னிடம் வந்த அந்த இளைஞரிடம் அது இருக்கவில்லை. அவர் இன்னமும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

திகதி, இயந்திர இலக்கம், ஓடிய எரிபொருள், மேல்ச் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர், இழுத்தவரின் பெயர் ஆகிய ஆறு விடயங்களும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். சங்கங்களின் கூட்டமைப்பான சமாசம் அதை ஒரு படிவமாக அச்சிட்டு எல்லாச் சங்கங்களுக்கும் அனுப்பினால், ஒரே இயந்திரம் கை மாறும்போது பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எந்தச் சங்கமாவது இதைத் தொடங்குவதாக இருந்தால், முதல் மூன்று மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என் கேஜோடு கரைக்கு வந்து, கூலி வாங்காமல் அளந்து காட்ட ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வடமராட்சிக் கரையின் இயந்திரத் திருத்துநர் ஒருவர்